மயக்க ஊசிப் பரீட்சை

மூளை செல்களின் நுண்குழல்களில் நடக்கும் குவாண்டம் அதிர்வுதான் நம்முடைய உணர்வு. மயக்க மருந்து அந்த அதிர்வை நிறுத்தினால் 'நான்' அணைந்துபோகிறேன். ஓய்வு பெற்ற பௌதிக வாத்தியாரான நான் இதைப் பற்றி எண்ணூறு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டைத் தூக்கித்தான் எனக்கு ஹெர்னியாவே வந்தது.

சித்தூரில் ஆபரேஷன். மயக்க டாக்டர் வேங்கடாசலம் என் நாற்பதாண்டு நண்பன். என் புத்தகத்துக்கு உலகத்திலேயே ஒரே வாசகன்.

"வேங்கடா, நான் மயங்கினதும் என் காதுல ஒரு ரகசியம் சொல்லு. முழிச்சதும் அதை நான் திருப்பிச் சொல்லிட்டா என் கொள்கை பொய். புக்கைக் கொளுத்திடறேன்."

"டேபிள்ல படுத்துக்கினு கூட பாடம் நடத்தறியே வாத்தியாரே. சரி, சொல்றேன். கையை நீட்டு."

கண் விழித்தபோது வேங்கடாசலம் வியர்த்துப்போய் நின்றான்.

"நான் இன்னா சொன்னேன்? கேட்டுச்சா?"

"ஒரு எழுத்துகூடக் கேக்கல."

"அப்போ நீதான் ஜெயிச்சே. தைரியமா அச்சுக்குக் குடு" என்று பெருமூச்சுடன் கை குலுக்கினான்.

நானும் குலுக்கினேன். அவன் சொன்னது, திருமலை க்யூவில் காணாமல் போனவர்களைக் கூப்பிடும் ஒலிபெருக்கி போல எனக்குக் கேட்டிருந்தது: "மன்னிச்சுடு வாத்தியாரே. உன் புக்குல மொதல் பக்கத்தைத் தாண்டி நான் ஒரு வரி படிக்கல. நாலு வருஷமா சும்மா தலையாட்டிக்கினு இருக்கேன்."

துரோகி என்று திட்ட நாக்கு துடித்தது. திட்டினால் கொள்கை போய்விடும்.

"பதினொண்ணாம் அத்தியாயம் எப்படி வேங்கடா?" என்று மட்டும் கேட்டேன்.

"கண்ல தண்ணி வந்துடுச்சு வாத்தியாரே" என்றான்.