மூலையில் ஒரு யானை

"என் யானைய அவரு வெட்டற மாதிரி ஒரு ஓப்பனிங் சொல்லிக்குடுங்க, மாஸ்டர்."

சதுரங்கப் பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தார். தையல்கடை நடத்தும் அந்தப் பெண்மணி இப்போதுதான் ஆட்டத்தில் தேறி வந்துகொண்டிருந்தாள். அடுத்த போட்டியில் ஆட்டத்தைத் தொடங்க அவளுக்கென்று உறுதியான ஓப்பனிங் ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தார்.

"யானையக் காப்பாத்தத்தாம்மா எல்லாரும் ஓப்பனிங் படிக்கறாங்க! யாருக்கு இந்தத் தானம்?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

"தோத்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரோ?"

அவள் சிரித்து மழுப்பினாள். "யானை என் பக்க மூலையிலேயே இருக்கணும், மாஸ்டர். அவரு ராணி அங்க வந்து வெட்டணும்."

புருஷனுக்காக ஆட்டத்தையே கெடுத்துக்கொள்கிறாளே என்று சலித்தபடி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கணவரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. "நேத்து தோத்துட்டேன், மாஸ்டர்! யானைய வெட்டிட்டாரு!"

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"பக்கவாதம் வந்து இவரு வலது கை மடியிலேயே கெடந்துச்சு. கைக்குப் பயிற்சி செய்யச் சொன்னா எரிஞ்சு விழுவாரு. வெட்டறதுக்குக் காய் இருந்தா மட்டும் கைய நீட்டுவாரு. கொஞ்சங்கொஞ்சமா காயத் தள்ளித் தள்ளி வெச்சேன். கடவுள் புண்ணியத்துல நேத்து மூலை வரைக்கும் எட்டிடுச்சு!"

"வேணும்னே விட்டுக்குடுத்தது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறா, மாஸ்டர்" என்று கணவர் சிரித்தார். "நாம ஒரு ஆட்டம் போடலாமா?"

ஆட்டத்துக்கு முன் கைகுலுக்க, நடுங்கும் வலது கையை மெல்ல நீட்டினார்.

பயிற்சியாளர் அதை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். மனதுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தன் யானையைப் பறிகொடுக்க எந்த ஓப்பனிங் நல்லது என்று யோசிக்க ஆரம்பித்தார்.