கலீனா சொன்னதாகச் சொன்னது

வீட்டுக்காரியின் விரல் அவனைக் காட்டியது. பேச்சு மாசிலாமணியிடம் போனது.

அவன் வழக்கம்போல முழித்துக்கொண்டு நின்றான். இன்று அது நடிப்பு.

சமையலறையில் மூன்று பேர். ஜன்னலுக்கு வெளியே பனி. வீட்டுக்காரி கலீனா ருஷ்ய மொழியில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் ஆண்டு மாணவர் மாசிலாமணி, கையில் தேநீர்க் கோப்பையோடு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவம் படிக்க வந்த அவனுக்கு இது முதல் குளிர்காலம். வகுப்பில் ஆங்கிலம் போதும். வாசலைத் தாண்டினால் மாசிலாமணிதான் அவனுக்கு வாயும் காதும்.

அந்த வாயின் மேல்தான் அவனுக்குச் சந்தேகம்.

கலீனா ஒரு முழத்துக்குப் பேசுவாள். மாசிலாமணி ஒரு விரற்கடை சொல்வார்.

போன வாரம் அவள் மேசையைத் தட்டித் தட்டிக் கத்தினாள். இவர் நிதானமாகத் திரும்பி, "குளிரு ஜாஸ்தியாம். தினமும் தலைக்கு ஊத்தாதேன்னு சொல்லுதாங்க" என்றார்.

அதைச் சொல்ல மேசையைத் தட்டுவானேன்?

அதற்கு முன்னால் ஒருநாள் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கடவுளையே கூப்பிட்டாள். இவன் நன்றாகப் படிக்கிற பையனாம், அதைத்தான் சொல்கிறாளாம்.

யார் காதில் பூ சுற்றுகிறார்?

காரணமும் தெரியும் என்று நினைத்தான். மாசிலாமணியின் சித்தப்பா மகன் பொங்கல் கழித்து இங்கே படிக்க வருகிறான். அவனுக்கு அறை வேண்டும். கலீனா வாடகைக்கு விடுவதே இரண்டு அறை. ஒன்றில் மாசிலாமணி, இன்னொன்றில் இவன். அண்ணே என்று கூப்பிட வைத்துவிட்டு, கண்ணெதிரிலேயே குழி பறிக்கிறார். அதுவும் இவனுக்குப் புரியாத பாஷையில்.

விடுதியில் இடம் கிடையாது. இந்தப் பனியில் வெளியே தள்ளினால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். அதோடு படிப்பு முடிந்தது.

அதனால் அந்தப் பாஷையைக் கற்றான். யாருக்கும் தெரியாமல்.

டிராமில் எதிரே உட்கார்ந்து சண்டை போட்டவர்களிடம் கற்றான். குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனில் கற்றான். கேன்டீனில் சூப் ஊற்றும் பெண்ணிடம் தப்புத் தப்பாகப் பேசி, அவள் சிரிக்கச் சிரிக்கக் கற்றான். மாசிலாமணியைக் கையும் களவுமாகப் பிடிக்கிற அன்றைக்கென்று ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

எனக்கு எல்லாம் புரியும்.

இன்று புரிந்தது.

முதலில் சொற்கள். தண்ணீர். கீழ்வீடு. கூரை.

பிறகு முழுசாக.

தொட்டிக்குள் நின்று குளிக்கச் சொல் என்று எத்தனை தடவை சொன்னேன்? தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. வாளி வாளியாக ஊற்றுகிறான். கீழ்வீட்டுக் கிழவரின் படுக்கை மேல் சொட்டுகிறது. இவன் மனிதனா, வாத்தா? வெள்ளிக்கிழமைக்குள் வெளியே அனுப்பு.

அவனுக்குக் காது சுட்டது.

அழுக்குத் தண்ணீரிலேயே நின்றுகொண்டு குளிப்பது ஒரு குளியலா என்று நினைத்தவன் அவன். கடைக்குப் போய் பிளாஸ்டிக் வாளியும் கப்பும் வாங்கி வந்தான். தொட்டிக்கு வெளியே குந்தி, ஊரில் குளிப்பதைப் போலவே மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டான். தேங்கியதைத் துணியால் துடைத்தும் விட்டான். சுவரோரமாக இறங்கியதை அவன் பார்க்கவில்லை.

யாரும் சொல்லவும் இல்லை.

மாசிலாமணி கோப்பையை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு.

"சாப்பிட்டியான்னு கேக்காங்க."

வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

கோபம்தான் முதலில் வந்தது. மனுஷன் இப்படியா பூசி மெழுகுவார்? அன்றைக்கே உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்தக் கிழவரின் படுக்கை நனைந்திருக்குமா? பிறகு, வந்த புதிதில் ஊருக்கே போய்விடுகிறேன் என்று இவர் முன்னால் சாப்பிடாமல் கிடந்தது நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்துதான் இவர் வாயில் கலீனா நல்லவளாகிப்போனாள். இத்தனை மாதத் திட்டையும் இவர் ஒருவரே வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. வாக்கியத்தை மென்று விழுங்கினான்.

"சாப்பிட்டேன்னு சொல்லுங்கண்ணே."

மாசிலாமணி அவளிடம் திரும்பினார். அவருடைய ருஷ்யன் அப்படியொன்றும் பிரமாதமில்லை என்பதும் இப்போதுதான் தெரிந்தது. தட்டுத் தடுமாறிப் பேசினார்.

தப்பு என் மேல். நான் அவனிடம் சரியாகச் சொல்லவில்லை. அறை அவனுக்கே இருக்கட்டும். வருகிற தம்பிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். அவன் மன்னிப்புக் கேட்கிறான். பாருங்கள், அழுகிறான்.

அதுவரை அவன் அழவில்லை.

கலீனா அவனைப் பார்த்தாள். இருந்து தொலையட்டும் என்று முணுமுணுத்தாள்.

மாசிலாமணி அதையும் ஏதோ நல்லதாக மாற்றிச் சொல்லத் திரும்பினார். கண்ணீர் வழிந்த அவன் முகத்தைப் பார்த்தார்.

வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.