சூடேறிய குழல்

1932. ஜொகூரில் கூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் துரையின் சீமை நாய் சினைபட்டது. குற்றவாளி எதுவென்று தெரியாததால், கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து நாய்கள் ஒன்பதையும் சுட்டுவிட உத்தரவானது.

நாயைச் சுடும் பாவம் தன் கையால் வேண்டாமென்று, துரை ரைபிளைத் தோட்டத்து ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி தங்கராஜுவிடம் கொடுத்தார். சிரிக்கவே தெரியாத மனிதர் கிராணி. வேலைக்கு ஐந்து நிமிஷம் பிந்தினால் அரை நாள் சம்பளத்தை வெட்டுகிறவர். மறுபேச்சில்லாமல் அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டதை லயத்தில் யாரும் மன்னிக்கவில்லை.

ஞாயிறு காலை வெட்டவெளியில் கருவாட்டைப் போட்டு நாய்களை வரவழைத்தார்கள். கிராணி ஒன்பது முறை சுட்டார். ஒன்றும் படவில்லை.

குழல் சூடேறினால் குண்டு விலகிப் போகிறது என்று துரையிடம் சொன்னார். முதல் குண்டு ஏன் விலகியது என்று துரை கேட்டார். துப்பாக்கி வெயிலில் இருந்ததாம்.

அடுத்த ஞாயிறு துப்பாக்கிக்குக் குடை பிடித்தார்கள். ஈரச் சாக்கும் சுற்றினார்கள். பலனில்லை. மூன்றாம் ஞாயிறு இரண்டு பேர் நின்று குழலுக்கு விசிறினார்கள். நாய்கள் கருவாட்டுக்காக முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தன. ஸ்டோர் கூரையில் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம்.

துரை மூவாரிலிருந்து தச்சர் அய்யாவுவை வரவழைத்தார். அவர் குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. மழையில் கட்டை ஊதியிருக்கிறது, சூடேறும் குழல் அதில் முட்டித் திசைமாறுகிறது என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து கட்டையைச் சுரண்டினார்.

அந்த இரண்டு நாளும் லயத்தில் அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. பேச்சியம்மாள் தன் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவர் காதுபட ஏசினாள்.

நான்காம் ஞாயிறு குடையில்லை, விசிறியில்லை. ஒன்பது குண்டு. பப்பாளி மரம் சாய்ந்தது. தண்ணீர்த் தொட்டி ஒழுகியது. நாய்கள் கருவாட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டன.

தோட்டாவும் தீர்ந்தது. இப்படியொரு குருட்டுக் கிராணியை ஜொகூரிலேயே கண்டதில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்ன துரை, நாய்களைக் கட்டிவைத்தால் போதும் என்று போய்விட்டார். லயமே கைகொட்டிச் சிரித்தது. கிராணி குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்கு நடந்தார்.

பேச்சியம்மாள் சோற்றுத் தட்டோடு தச்சரிடம் ஓடினாள்.

"தெரியாம ஏசிட்டேன் அண்ணே. வேணும்னே கட்டைய கெடுத்து வச்சு ஒன்பது உயிரக் காப்பாத்திட்டீங்க."

அய்யாவு தட்டை வாங்கவில்லை.

"நான் ஒழுங்காத்தாம்மா செஞ்சேன். நேத்து ஆத்தோரமா வச்சு சோதிச்சும் பார்த்தாச்சு. பால் பிடிக்கிற மங்கு பத்து, நூறடி தள்ளி. குழல ஆறவிடாம பத்துக் குண்டு. பத்து மங்கும் தூள்."

"யாரு சுட்டது?"

"பெரிய கிராணி."