விலையில்லா மென்பொருள்

மாரீஸ்வரனைக் கண்டதும் பிச்சை முகம்மது கல்லாப்பெட்டியை இழுத்து மூடி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பிறகு எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க" என்றார்.

மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, காசைத்தான் கண்ணில் காட்டமாட்டார்கள். மாரீஸ்வரன் சலிப்போடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

அந்தத் தெருவில் பாதிக் கடைகளில் ஓடும் பில் போடும் மென்பொருள் அவன் எழுதியது. கழுத்தில் தானே அச்சடித்த அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, கடை கடையாக ஏறி, "இலவசம்" என்று சொல்லி அவனே போட்டுக் கொடுத்தான். நிரலைக்கூட ஒளிக்கவில்லை, யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் வைத்துவிட்டான்.

பொருள் சும்மா, பழுது பார்க்க வந்தால் கூலி. வெளிநாட்டில் பெரிய கம்பெனிகளே இப்படித்தான் நடக்கின்றன என்று படித்ததை நம்பினான். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஏறி இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். வாய்விட்டுக் கூலி கேட்கும் சாமர்த்தியமும் அவனுக்குக் கிடையாது.

ஒருவழியாகப் பில் ஒழுங்காக வந்தது. மாரீஸ்வரன் தலையைச் சொறிந்தான். "பாத்துச் செய்யுங்க பாய்."

பிச்சை முகம்மதுவின் முகம் இறுகியது. "அந்தப் பழக்கமெல்லாம் நம்ம கடையில கெடையாது சார். டீ வேணா சாப்பிடுங்க." பிறகு கொஞ்சம் இளகி, "ஒங்கள வேற ஊருக்கு மாத்திற மாட்டாகளே?" என்று கேட்டார்.

கூலியும் இல்லை, கிண்டல் வேறு. மாரீஸ்வரனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"யாரும் மாத்த வேண்டாம் பாய், நானே போறேன். ராஜபாளையத்துல ஒரு மில்லுல கணக்கெழுதக் கூப்பிட்டிருக்காக. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன். வீட்ல அடுப்பு எரியணும்ல."

"என்ன சார் இது? கவர்மெண்டு உத்தியோகத்த விட்டுட்டு யாராச்சும் மில்லுக்குப் போவாகளா?"

"கவர்மெண்டா? இது என் சொந்தத் தொழில் பாய்."

பிச்சை முகம்மது தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "மிக்ஸி, கிரைண்டர் மாதிரி சும்மா குடுக்கவும், நாங்க..." எதிர்வரிசைக் கடைகளை ஒருமுறை பார்த்தார்.

"ஒங்களுக்கு ஒருத்தரும் லஞ்சம் குடுக்கக் கூடாதுன்னு கடைக்காரங்க எல்லாரும் கூடிப் பேசி வச்சிருக்கோமே சார்."