கதவுக்கு இந்தப் பக்கம்

மங்களேஸ்வரி அலுவலகக் கழிப்பறைகளை ஆசிட் ஊற்றிக் கழுவுபவள். மகள் நிவேதாவுக்கு இளைப்பு வந்ததிலிருந்து, தாயின் மேலிருந்து அந்த நெடி முழுக்க அகலும்வரை, நெடியை மோந்தறிந்து பேசும் வீட்டுக் கதவு அவளுக்குத் திறப்பதில்லை. கீழே குழாயடியில் குளித்து, சேலை மாற்றி வந்தும், "இன்னும் ஒரு மணி நேரம்" என்றது கதவு.

வழக்கம்போல அதில் தலைசாய்த்து உட்கார்ந்தாள். உள்ளே கணவன் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, கதை சொல்லும்மா."

நரியும் ஆமையும் போட்ட சண்டையைச் சொன்னாள். ஒரு மணி நேரம் முடிய, கதையின் பாதியில் கதவு திறந்தது. ஓடிப்போய் மகளை மடியில் இழுத்துக்கொண்டு, "அப்புறம் அந்த ஆமை..." என்றாள்.

நிவேதா நெளிந்தாள். "இங்க வேணாம்மா. வெளிய போய்ச் சொல்லு. அங்கேருந்து சொன்னாதான் எனக்குத் தூக்கம் வரும்."

மங்களேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் தட்டைக் கழுவ எழுந்து போனான். அவள் வெளியே வந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டு, ஆமை ஆற்றில் இறங்கியதிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.