மாம்பழப் பை

“ரிசல்ட்டை மாத்தித் தர முடியாது அண்ணாச்சி!” நஸீபா கண்டிப்பாகச் சொன்னாள்.

இராஜபாளையத்து லேபில் அவள் ஓவனில் வைத்துப் பார்த்த தேங்காய்ச் சிரட்டைக்கரித் தூள், தீயே படாமல், ஓவனின் சூட்டையும் மீறித் தானாகச் சூடேறிக் கனன்றுவிட்டது. ‘லாரியில் ஏற்றக் கூடாது’ என்று ரிப்போர்ட் எழுதிய நாள் முதல், தூளை அனுப்பிய கம்பெனியிலிருந்து ஓயாமல் போன். இப்போது மாம்பழப் பையோடு நேரிலேயே ஓர் ஆள்.

“நான் மாத்தச் சொல்லலையே தாயி.”

“பின்னே பழம் எதுக்கு?”

“சாயங்காலம் எங்க முதலாளி வருவாரு. எம்புட்டு மெரட்டுனாலும் மாத்திராதிய. அதைச் சொல்லத்தான் வத்திராயிருப்புல இருந்து வாரேன்.”

“முதலாளிக்கு எதிராவா? நீங்க யாரு?”

“அந்த மூட்டைகளுக்கு முன்னால உக்காந்து லாரி ஓட்டப் போறவன் தாயி.”

நஸீபா பையை வாங்கிக்கொண்டாள்.