அரியர் அண்ணன்

அன்று பரீட்சை அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். புற்றுநோய்ப் பதிவேட்டு அலுவலகத்தின் தற்காலிகப் பணியாளர்கள் ஐந்து பேர், மேற்பார்வைக்கு வந்த அம்மாள் ஒருவர், அப்புறம் அரியர் அண்ணன்.

மருத்துவமனைகளிலிருந்து வரும் நோயாளிகளின் ஃபைல்களைப் படித்து, கட்டி எங்கே தொடங்கியது, எவ்வளவு பரவியது, என்ன சிகிச்சை என்று பதிவது அந்த ஐவரின் வேலை. அண்ணன் அந்த ஃபைல்களை எடுத்துக் கொடுப்பவர். பதிவாளர் சான்றிதழ் பரீட்சையை அவர் எழுதுவது இது ஐந்தாவது தடவை. நாலு தடவையும் பெயில்.

"அண்ணே, இந்த வருஷமாவது எங்களோட சேர்ந்து கரையேறிடுங்க" என்றாள் ஒருத்தி.

"அவர் எழுதறது பரீட்சை இல்லைடி, வருஷாந்திரக் கடமை" என்றாள் இன்னொருத்தி.

அண்ணனும் கூடவே சிரித்தார்.

பாப்பாம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். பாஸானால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குழந்தையை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே படித்தவள் அவள். பரீட்சைக்கு முந்தைய வாரங்களில், மதிய இடைவேளையில் அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"நுரையீரல்ல ஆரம்பிச்ச கட்டி எலும்புக்குப் பரவியிருக்கு. எந்த உறுப்புன்னு பதிவீங்க?"

"எலும்பு."

"ஐயோ அண்ணே! எங்க ஆரம்பிச்சுதோ அதைத்தான் பதியணும். எத்தனை தடவை சொல்றது?"

"மண்டையில ஏற மாட்டேங்குதேம்மா."

முடிவு வந்தது. ஐந்து பேரும் பாஸ். அண்ணன் பெயில்.

"கொஞ்சமாவது அக்கறை வேணாமாண்ணே? பாஸாகியிருந்தா இப்படி ஏணியில ஏறி இறங்காம நீங்களும் நாற்காலியில உட்கார்ந்திருக்கலாம்ல?" பாப்பாம்மா பொரிந்து தள்ளினாள்.

"அதை விடு. வேலை நிரந்தரமாயிடுச்சு, இனிப்பு எங்கே?" என்று கையை நீட்டினார் அவர்.

அடுத்த வருஷம், புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்களைப் பரீட்சை அலுவலகத்துக்கு அனுப்பும் பொறுப்பு பாப்பாம்மாவிடம் வந்தது. அனுப்பிய சூட்டோடு போன் வந்தது.

"அஞ்சு பேர்தான் இருக்காங்க மேடம். ஆறு பேர் இல்லாம உங்க ஊர்ல சென்டர் போட மாட்டோம். தலைநகரத்துக்கு வந்து எழுதச் சொல்லுங்க."

ராத்திரி முழுக்க ரயில் பயணம். புதியவர்களில் ஒருத்தி நிறைமாதம். பாப்பாம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, முகம் வாடிக் கிடக்கு?" ஃபைல் கட்டோடு வந்தார் அண்ணன்.

சொன்னாள்.

"இவ்வளவுதானா? என் பேரைச் சேர்த்துக்கோ." கட்டை மேஜையில் இறக்கினார். "அப்புறம், மேல இருக்கிறது அந்தப் புதுப் பொண்ணு பார்த்தது. பெருங்குடல்ல ஆரம்பிச்சதைக் கல்லீரல்னு பதிஞ்சிருக்கா. பாவம், பரவின இடத்தைப் பார்த்துட்டா. திட்டாம திருத்திக் கொடு."

பாப்பாம்மா விருட்டென்று நிமிர்ந்தாள். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போன வருஷமும் தாங்கள் ஐந்து பேர்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கைக்குழந்தையோடு அந்த ராத்திரி ரயிலில் அவள் ஏறியிருப்பாளா?

"எங்களுக்காக எழுதினீங்க, சரி. இவ்வளவு தெரிஞ்சவர் பாஸாகித் தொலைச்சிருக்கலாம்லண்ணே?"

அண்ணன் வெறுங்கையோடு வாசல்வரை போய்த் திரும்பினார்.

"பாஸானவங்களை மறுபடி எழுத விட மாட்டாங்களேம்மா. இப்ப ஒரு ஆள் குறையுதே, எங்கே போய்த் தேடுவே?"